தக்காளியை விட்டுப் புல்லுக்கு வராத ஆமை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மைத்துனர் வேலைக்காக வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன சல்கேட்டா என்னும் ஆப்பிரிக்கத் தரை ஆமை, வயது இரண்டு இருக்கும், எடை ஒன்றரைக் கிலோ. தக்காளி, வெள்ளரிக்காய், தர்பூசணி, இவை மூன்றைத் தவிர எதையும் தொடுவதில்லை. மாமியார் காலையில் பிய்த்துப் போடும் இட்லியை மட்டும் ஓடி வந்து தின்கிறது. கீரை வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. எந்தக் கீரை கொடுத்தால் சாப்பிடும் என்பது கேள்வி. ஆனால் கேள்வியின் கடைசியில் அவர் எழுதியிருக்கும் வரிதான் விஷயம் என்று எனக்குப் படுகிறது: "பிடித்ததை நிறுத்தினால் பட்டினி கிடந்து செத்துப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது." கீரையின் பெயரை நான் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்தப் பயம் போகாமல் எந்தப் பெயரும் உங்களுக்கு உதவாது. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் மறுபடி தக்காளி வைப்பீர்கள். ஆமையும் அதற்காகக் காத்திருக்கும்.

அதனால் முதலில் அதற்கே பதில். ஒன்றரைக் கிலோ எடையுள்ள, வேறு நோய் இல்லாத, உடம்பில் நீர் வற்றாத சல்கேட்டா நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. வறண்ட பூமியில் பிறந்த பிராணி அது. மழைக்கும் மழைக்கும் நடுவில் தீனி குறைந்த மாதங்களைத் தாண்டுவதற்கென்றே அதன் உடம்பு அமைந்திருக்கிறது. நம்மையும் நாயையும் போல உள்ளுக்குள் சூடு உண்டாக்கிக்கொள்ளும் வேலை அதற்கு இல்லாததால் செலவும் குறைவு. ஆனால் இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. நோய் இல்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். குட்டியாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருந்தால் இந்தப் பேச்சே கிடையாது. அதற்குச் சேமிப்பு குறைவு, இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, வடசென்னையிலேயே பல வருஷமாக வைத்தியம் பார்ப்பவன். என்னிடம் வருவதில் பெரும்பாலும் நாய், பூனை, கொஞ்சம் மாடு. ஆமைகளும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் இதே தீனிக் கதைதான். உங்கள் ஆமையை நான் தொட்டுப் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட படம் மட்டும்தான் கையில் இருக்கிறது. எனவே கீழே சொல்வதில் எது உறுதியானது, எது என் அனுபவத்தில் கண்டது, எது இன்னும் சர்ச்சையில் இருக்கிறது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

படத்தில் மணல் நிற ஓடு, தொடையில் முள் மாதிரித் துருத்தும் செதில்கள், ஓட்டில் நட்சத்திரக் கோடு எதுவும் இல்லை. சல்கேட்டாவேதான். எந்த இன ஆமை என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் நட்சத்திரம் வரைந்தது போன்ற நம் ஊர் ஆமையாக இருந்தால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அது முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் தீனியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சல்கேட்டா வெளிநாட்டு இனம். ஆனால் அதுவும் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். மைத்துனர் பதிவு செய்தாரா என்று கேளுங்கள். ஆமை இப்போது உங்கள் கையில் இருப்பதால், அந்தப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுவது எப்படி என்பதையும் வனத்துறையில் விசாரித்துவிடுங்கள். இன்னொன்றும் யோசித்துக்கொள்ளுங்கள். நிலத்தில் வாழும் ஆமைகளில் கலாபகஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்துப் பெரியது இதுதான். வளர்ந்தால் 40, 50 கிலோவைத் தொடும். இன்றைக்குச் சமையலறை மூலையில் அடங்குவது பத்து வருஷம் கழித்து அடங்காது.

இதன் சொந்த ஊர் சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரம், செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட புல்வெளி. அங்கே தக்காளி இல்லை, கீரைக்கட்டும் இல்லை. புல், காய்ந்த புல், களைச்செடி, அவ்வப்போது சதைப்பற்றுள்ள செடி. மாடு வயிற்றின் முன்பகுதியில் புல்லைப் புளிக்க வைப்பது போல இது குடலின் பின்பகுதியில் புளிக்க வைக்கிறது. அங்கே நார்ச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, ஆமைக்குச் சோறு போடுவது அவைதான். பழமும் இட்லியும் உள்ளே போனால் சர்க்கரையிலும் மாவிலும் வாழும் வேறு கூட்டம் பெருகிவிடும். மலம் தண்ணீராகப் போகிறது என்று எழுதியிருந்தீர்களே, பெரும்பாலும் அதுதான் காரணம். குடற்புழுவும் இருக்கலாம், அதைப் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. தக்காளியிலும் வெள்ளரியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் தக்காளியில் கால்சியம் 10 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கிறது. ஓடே எலும்பாலான, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு பிராணிக்கு இது எந்த மூலைக்கு? பாஸ்பரஸைவிடக் கால்சியம் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்கும் தீனிதான் ஆமைக்கு ஏற்றது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சரி, ஏன் சாப்பிடவில்லை? "பிடிவாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. என்னிடம் வந்த ஆமைகளில் தீனிப் பிரச்சினை என்று சொல்லப்பட்ட பெரும்பகுதி சூட்டுப் பிரச்சினைதான். நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: ஹாலில் பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது, டைல்ஸ் தரையில் உலவுகிறது, இரவில் எல்லோரும் படுக்கும் ஏ.சி. அறையில் அதுவும் இருக்கிறது. ஆமையின் உடம்புச் சூடு அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் சூடுதான். 24 டிகிரி அறையில் உள்ள ஆமைக்குக் குடலும் 24 டிகிரிதான். அந்தச் சூட்டில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும், பசி கிளம்பாது. தக்காளியும் இட்லியும் மெல்லாமலே உள்ளே போய்விடும், மந்தமான குடலுக்கும் அதில் பெரிய வேலை இல்லை. புல்லைச் செரிக்கத்தான் சூடு வேண்டும். நல்ல தீனியை ஒதுக்கி இளகிய தீனியை மட்டும் தேடும் ஆமை பல நேரம் குளிர்ந்துபோன ஆமை.

ஆகவே தட்டை மாற்றுவதற்கு முன்னால் இடத்தை மாற்றுங்கள். ஏ.சி. அறை இன்றைக்கே நிற்கட்டும். பகலில் ஒரு மூலையிலாவது 35 முதல் 38 டிகிரி வரை சூடு கிடைக்க வேண்டும், எதிர் மூலை நிழலாக, 27, 28-இல் இருக்க வேண்டும். எங்கே உட்காருவது என்பதை ஆமை முடிவு செய்துகொள்ளும். நம் ஊரில் இதற்கு மொட்டை மாடி போதும். உங்கள் குடியிருப்பில் மாடி பொது என்றாலும் காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை ஒரு மூலையை அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. ஓட்டுக்கும் எலும்புக்கும் தேவையான வைட்டமின் டி-யை உண்டாக்கும் யு.வி.பி. கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கத்திரி வெயிலில் மட்டும் கவனம். மாடித் தரை கொதிக்கும் நேரத்தில் நிழலுக்கு ஒரு கவிழ்த்த மரப்பெட்டியோ நனைத்த சாக்கோ இல்லாமல் விட்டால் அரைமணி நேரத்தில் ஆமை செத்துப்போகலாம். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், வடசென்னை மாடிகளில் காக்கையும் பருந்தும் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வெயிலே தலைகாட்டாதபோது ஒரு வெப்ப பல்பும் யு.வி.பி. விளக்கும் வாங்கித்தான் ஆக வேண்டும். மார்கழி ராத்திரியில் ஈரத்தரையில் படுக்க விடாதீர்கள். வெறும் குளிரைவிட ஈரமும் குளிரும் சேர்ந்ததுதான் இதன் நுரையீரலுக்கு எதிரி.

அடுத்தது தண்ணீர். தர்பூசணியையும் வெள்ளரியையும் நிறுத்தும்போது அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீரையும் சேர்த்து நிறுத்துகிறோம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தினமும் காலையில் ஒரு அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், ஆமையின் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு ஊற்றி, கால் மணி நேரம் உட்கார வையுங்கள். குடிக்கும், அங்கேயே மலமும் சிறுநீரும் கழிக்கும், குடலும் அசைய ஆரம்பிக்கும். தண்ணீரில் வெள்ளையாக ஒரு பசை வரும், அது யூரிக் அமிலக் கழிவு. தயிர் போல மென்மையாக இருந்தால் கவலை இல்லை. விரலில் தேய்த்தால் மணலாக நெருடினால் உடம்பில் நீர் போதவில்லை, கல் உருவாகும் வழியில் இருக்கிறது என்று பொருள். குளியல் முடிந்து, வெயிலில் அரைமணி நேரம் காய்ந்த பிறகு தீனி வையுங்கள். இந்த வரிசையை மாற்றாமல் ஒரு வாரம் செய்தாலே பாதி ஆமைகள் தட்டைத் தேடி நடக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது தட்டுக்கு வருவோம். பிடித்ததை ஒரே நாளில் நிறுத்தி, சாப்பிட்டால் சாப்பிடட்டும் என்று விடும் வழியைச் சிலர் சொல்வார்கள். ஆரோக்கியமான ஆமையிடம் அது பலிக்கும் என்பது உண்மைதான். மலம் இளகிப்போயிருக்கும் ஆமையிடம் நான் அதைச் செய்யமாட்டேன். குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் மாற நாளாகும், அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். இட்லியும் தர்பூசணியும் மட்டும் முதல் நாளே நிற்கட்டும். தக்காளியையும் வெள்ளரியையும் துண்டாக வைக்காமல் கொத்துமல்லி நறுக்குவது போலப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். அருகம்புல்லையும் அதே அளவுக்குப் பொடியாக நறுக்கி, தக்காளிச் சாறு புல்லில் ஒட்டும்படி கையால் பிசையுங்கள். முதல் சில நாள் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புல். தட்டு காலியாவதைப் பார்த்துப் பார்த்துப் பங்கை மாற்றுங்கள். ஒரு மாதமோ, இரண்டு மாதமோ ஆகட்டும். துண்டாக வைத்தால் சிவப்பை மட்டும் பொறுக்கிவிட்டுப் போய்விடும். பிசைந்து வைத்தால் சிவப்போடு புல்லும் வாய்க்குள் போயே தீர வேண்டும்.

புல்லைப் பொடியாக நறுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆமை தின்பதைக் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பல் இல்லை, கிளியின் அலகைப் போன்ற கூரிய விளிம்புதான். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, புல்லைக் கவ்வி, தலையைப் பின்னால் இழுத்து அறுக்கும். புல் வேரோடு மண்ணில் நின்றால் அந்த இழுப்பில் அறுபடும். தட்டில் நீளநீளமாகக் கிடக்கும் புல் இழுத்தவுடன் வாயோடு வந்துவிடும், அறுபடாது. இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு விட்டுவிடும். நாம் அதைப் பார்த்து "புல் பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதனால் முதல் கட்டத்தில் பொடியாக நறுக்குங்கள். கூடவே ஒரு சிமென்ட் தொட்டியிலோ பழக்கூடையிலோ அருகம்புல்லை நட்டுவிடுங்கள். வாங்கும் கட்டில் கணுவோடு இருக்கும் துண்டுகளைப் பொறுக்கி மண்ணில் பதித்துத் தண்ணீர் தெளித்தால் வேர் பிடித்துக்கொள்ளும். மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் மட்டும் நடவேண்டாம், ஆமை அந்தப் பெட்டியையும் கடித்துத் தின்னும். தொட்டியில் இறக்கிவிட்ட ஆமை தானாக மேய ஆரம்பிக்கும் நாளில் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது.

அருகம்புல் கிடைப்பதில் நம் பக்கத்தில் கஷ்டமே இல்லை. பிள்ளையார் கோயில் இருக்கும் தெருவில் பூக்காரம்மாவிடம் தினமும் வரும். ஆனால் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து இந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதே கூடையில், அதே ஈரச் சாக்கின் மேல் அரளிப்பூவும் இருக்கும். அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தை நிறுத்தும் விஷம். புல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு அரளி இலையே இவ்வளவு சின்னப் பிராணிக்கு ஆபத்தாக முடியலாம். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு கைப்பிடியாக உதறிப் பார்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசித்தான் கொடுக்க வேண்டும். மாடியில் உலவ விடும்போதும் தொட்டிச் செடிகளைப் பாருங்கள். அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, மணிபிளான்ட் எதுவும் அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

தெருவோரப் புல்லை அறுத்துக்கொண்டு வரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி படிந்த புல், மணலி தொழிற்சாலைகளை ஒட்டிய புல், பக்கிங்காம் கால்வாய்க் கரைப் புல், கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்குப் பக்கத்துப் புல், இவை கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தாலும் என் கையால் எந்தப் பிராணிக்கும் கொடுக்கமாட்டேன். கொசு மருந்து அடிக்கும் இடமும் அப்படியே. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் வெளியிலிருந்து வரவழைக்கும் பசுந்தீவனக் கட்டில் ஒரு கைப்பிடி கேட்டால் கொடுப்பார்கள். அதில் தடித்த தண்டைத் தள்ளிவிட்டு இளம் நுனியை மட்டும் நறுக்குங்கள். முயலுக்கென்று விற்கும் உலர்ந்த புல்லும் நல்லதே, தண்ணீரில் நனைத்து நறுக்கிப் பிசைந்தால் சேரும். வைக்கோலில் சத்து மிகக் குறைவு, அது வேண்டாம்.

சிவப்பு நிறம் இந்த ஆமைகளை இழுக்கிறது என்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் கண்டது. தக்காளிக்குப் பதிலாக அந்த ஆசையை எதில் தீர்ப்பது என்று யோசித்தால் செம்பருத்திதான். சிவப்பு ஒற்றைச் செம்பருத்திப் பூவை நறுக்காமல் அப்படியே தட்டின் மேல் வையுங்கள். ஆமை நேராக அதற்குத்தான் வரும். பூவின் கீழே செம்பருத்தி இலை, அதன் கீழே புல். இலையும் நல்ல தீனி, தாராளமாகக் கொடுக்கலாம். வீட்டில் ஒரு செம்பருத்தித் தொட்டி இருந்தால் வருஷம் முழுக்க உதவும். கடையில் விற்கும் ரோஜா இதழ் மருந்தடித்தது, அதைத் தவிர்த்துவிடுங்கள். முசுக்கொட்டை இலை கிடைத்தால் விடாதீர்கள். வாழை இலை நுனியும் கொடுக்கலாம். தக்காளி குறையும்போது ஒரு சின்னப் பரங்கிக்காய்த் துருவல் அந்த இடத்தை நிரப்பும்.

கீரை பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் எண்ணத்தில் கீரை முக்கியத் தீனி. சல்கேட்டாவுக்கு அது தொட்டுக்கொள்வதுதான்; தட்டில் பத்தில் எட்டுப் பங்கு புல்லாக இருக்க வேண்டும். மீதியில் முருங்கைக்கீரையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்க்கலாம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அகத்தியில் அதைப் போல மூன்று மடங்கு. ஆனால் புரதமும் அதிகம், வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பிடி போதும். பாலக்கும், அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை வகையறாவும் ஆக்ஸலேட் நிறைந்தவை. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும் என்பது வேதியியல், அதில் சந்தேகமில்லை. ஆமைக்கு அது எவ்வளவு தூரம் கெடுதல் என்பதுதான் தீராத விவாதம். காட்டில் ஆக்ஸலேட் உள்ள செடிகளையும் இவை தின்கின்றன, குடலின் நுண்ணுயிர்கள் ஒரு பங்கைச் சிதைத்தும் விடுகின்றன. அதனால் நான் அவற்றை விஷம் என்று சொல்வதில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு முறை, தண்ணீர் நன்றாகக் குடிக்கும் ஆமைக்கு மட்டும் என்று சொல்வேன். முட்டைக்கோஸும் அதே மாதிரி எப்போதாவது.

கால்சியத்துக்கு நம் ஊரில் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. காசிமேட்டில் கணவாய் மீன் வெட்டும் இடத்தில் கேட்டால் ஓடு கொடுப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் இதுதான். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பு போனதும் வெயிலில் காயவைத்து, கடினமான ஓரத்தை நீக்கிவிட்டுத் தொட்டியில் போட்டு வையுங்கள். வேண்டும்போது கடித்துக்கொள்ளும். கடிக்கவில்லை என்றால் கத்தியால் சுரண்டி ஒரு சிட்டிகைத் தூளை வாரத்தில் மூன்று நாள் தீனியில் தூவுங்கள். மனிதர்களுக்கான கால்சியம் சிரப்பையும் வைட்டமின் டி மருந்தையும் உங்கள் கணக்கில் கொடுக்காதீர்கள். டி அதிகமானால் கால்சியம் எலும்பில் சேராமல் உள்ளுறுப்புகளில் படியும். வெயிலில் விட்டால் தேவையானதை உடம்பே செய்துகொள்ளும்.

ஓட்டில் கட்டங்கள் மேடுமேடாக எழும்பியிருப்பது படத்தில் தெரிகிறது. புரதம் அதிகமானதால் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் வெகுகாலம் நம்பினார்கள். 2003-இல் சல்கேட்டா குட்டிகளை வைத்தே செய்த ஒரு ஆய்வில், காற்றின் ஈரப்பதம் குறைவாக இருந்த குட்டிகளுக்குத்தான் மேடு அதிகம் எழும்பியது, புரதத்தின் பங்கு சிறிதாகவே இருந்தது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறை வறண்டது. உங்கள் ஆமைக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், வெயில் இல்லாததும் கால்சியம் இல்லாததும்கூட ஓட்டைக் கெடுக்கும். எழும்பிய மேடு இனி இறங்காது. புதிதாக வளரும் விளிம்பு வழவழப்பாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் தீனி மாற்றத்துக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் மாமியார் விஷயம் எனக்குப் புரிகிறது. வாயில்லா ஜீவன் பசியோடு இருக்கக் கூடாது என்று நினைக்கும் மனசு அது, அதைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வீட்டில் ஒருவர் இட்லி கொடுக்கும்வரை மற்றவர் செய்யும் எதுவும் நிற்காது. நான் என்னிடம் வருபவர்களிடம் தீனி வைக்கும் பொறுப்பையே அந்தப் பெரியவரிடம் கொடுத்துவிடச் சொல்வேன். "அத்தை, டாக்டர் காலையில் இந்தச் செம்பருத்தியை உங்கள் கையால்தான் வைக்கச் சொன்னார்" என்று சொல்லிப் பாருங்கள். கொடுக்கும் சந்தோஷம் அவருக்கு அப்படியே இருக்கும், கொடுக்கும் பொருள் மட்டும் மாறும். ஆமையும் அவர் கையைத்தான் தேடி வரும்.

கொளத்தூர் மீன் கடைகளில் ஆமைத் தீவனம் என்று சின்ன டப்பாக்களில் விற்பது பெரும்பாலும் தண்ணீர் ஆமைகளுக்கானது. மீன்தூள் சேர்த்த புரதத் தீவனம், சல்கேட்டாவுக்கு ஆகாது. புல் சேர்த்துத் தரை ஆமைக்கென்றே செய்த தீவனமும் கிடைக்கிறது, அதை நனைத்து வாரத்தில் ஒரு நாள் கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் நஷ்டமில்லை. மருந்துக் கடையில் கேட்டு நாய்க்குப் போடும் பூச்சி மருந்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐவர்மெக்டின் என்ற மருந்து ஆமைகளுக்கு நஞ்சு. மாடு, ஆடு, நாய் எல்லாவற்றுக்கும் சர்வசாதாரணமாகப் போடுவதால் இதற்கும் போடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் குளியலுக்கு முன்னால் சமையலறைத் தராசில் எடை பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். கொஞ்சம் ஏறி இறங்குவது சகஜம். இப்போதுள்ள எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிராம் குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மூக்கில் குமிழி, வீங்கிய கண், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, முக்கியும் மலம் வராமல் போவது, ஒரு வாரத்துக்கு மேல் எதையுமே தொடாமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் எடையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாம் சரியாகப் போகிறது என்பதற்கு மலமே சாட்சி சொல்லும். புல்லுக்கு மாறிய ஆமையின் மலம் உருட்டி வைத்தது போலக் கெட்டியாக இருக்கும், குச்சியால் பிரித்தால் நார் நாராகத் தெரியும், நாற்றமும் மாட்டுச்சாணம் அளவுக்குத்தான்.

ஆனால் உங்கள் ஆமைக்கு இப்போதே மலம் இளகியிருப்பதால், தீனியை மாற்றத் தொடங்கும் முன்பே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. உங்களுக்குப் பக்கம் வேப்பேரி கல்லூரி மருத்துவமனைதான். பழைய துண்டு விரித்த, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், தண்ணீர்த் தொட்டியில் வைத்துத் தூக்காதீர்கள். அன்று காலை போட்ட மலத்தை மூடியுள்ள சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், உலர்ந்துவிட்டால் புழு முட்டை தேடுவது சிரமம். இதுவரை என்னென்ன தின்றது என்பதை ஒரு தாளில் எழுதி, இட்லியையும் மறைக்காமல் சேர்த்து, டாக்டர் கையில் கொடுங்கள்.